சீலை கசங்கும்

ஜனவரி 17, செவ்வாய்

காலையில் நான் சொல்லிக்கொடுக்கும் இரண்டு கார் ஓட்டும் பாடங்களைத் தள்ளிப்போட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். வீட்டில் பல் டாக்டர் என்று சொல்லியிருந்தேன். மகள் அபிராவுக்குப் பதினேழு வயது, படிப்பு கூடிய வருடம். அவளுடைய தலைக்குள் இதையும் போட வேண்டாம்.

போன நவம்பரில் காய்ச்சல் ஊசி போடப் போனபோதுதான் அந்தச் சுவரொட்டியைக் கண்டேன். காத்திருக்கும் அறையில், கதவுக்குப் பின்னால், தமிழில். “உங்கள் குடும்பத்தில் மார்பு அல்லது சூலகப் புற்றுநோய் இருந்ததா? எங்களுடன் பேசுங்கள்.” கதவு திறந்திருந்தால் அது கண்ணில் படாது. எங்கள் சனத்துக்கு ஏற்ற இடம் பார்த்துத்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

டாக்டர் அம்மாவைப் பற்றிக் கேட்டார். வயிற்றில் கட்டி, நாற்பத்தாறு வயதில் யாழ்ப்பாணத்தில் இறந்தா என்றேன். எந்த உறுப்பில் கட்டி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நெஞ்சுக்குக் கீழே, தொடைக்கு மேலே இருப்பதெல்லாம் வயிறுதான்.

எனக்கு வருகிற மே மாதம் நாற்பத்தைந்து. பரம்பரை நோய்களைப் பார்க்கும் பிரிவுக்கு எழுதிப்போடுவதாகச் சொன்னார். தேசிய சுகாதார சேவைதான் செலவைப் பார்க்கும், ஆனால் தகுதி இருக்கிறதா என்று முதலில் அவர்கள் பார்ப்பார்கள்.

இரவு என் கணவருக்கு மட்டும் சொன்னேன். தன் தங்கைக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சாந்தா மச்சாளுக்கு இன்று தெரிந்தால் நாளைக்கு லண்டன் முழுவதும் தெரியும்.

பெப்ரவரி 9, வியாழன்

கடிதம் வந்தது. மார்ச் இரண்டாம் திகதி. புது மாணவி ஒருத்தி, வவுனியாவிலிருந்து வந்தவள், வட்டச் சந்தியில் காரை நிறுத்திவிட்டு அழுதாள். அவளைத் தேற்றுவதில் அரைப் பாடம் போய்விட்டது.

மார்ச் 2, வியாழன்

பரம்பரை நோய்ப் பிரிவில் என்னைப் பார்த்த ஆலோசகருக்கு ரூத் என்று பெயர். என் மாணவிகளைவிட இளையவள். நல்ல பிள்ளை, அவசரப்படுத்தவில்லை. வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தாள். ஆண்கள் சதுரம், பெண்கள் வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு.

அம்மாவின் வட்டத்தில் கோடு. கனடாவில் மாரடைப்பில் போன பெரிய மாமாவின் சதுரத்தில் கோடு. அம்மம்மா எப்படி இறந்தா என்று கேட்டாள். பிள்ளை பெற்ற வருத்தத்தில் என்று வீட்டில் சொல்வார்கள் என்றேன். கடைசிப் பிள்ளைக்கு அப்போது என்ன வயது என்று கேட்டாள். எட்டு என்றேன். ரூத்தின் பேனா நின்றது. எனக்கும் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கணக்கு உறைத்தது.

அந்தக் கடைசிப் பிள்ளைதான் புவனேஸ்வரி, அம்மாவின் தங்கை, எங்களுக்குக் குஞ்சம்மா. பத்து நிமிட ஓட்டத்தில் ஹரோவில் இருக்கிறா. அவவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டபோது, ஒன்றும் இல்லை, குண்டுக்கல் மாதிரி இருக்கிறா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ரூத் கோடு போடாமல் விட்டாள்.

பிறகு விளக்கினாள். பொதுக் காசு எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் காணாது. அதனால் விதி வைத்திருக்கிறார்கள். நோய் வந்து உயிரோடிருக்கும் ஒருவரின் இரத்தத்தில்தான் முதலில் தேடுவார்கள். அங்கே மரபணுவில் ஒரு கோளாறு அகப்பட்டால், மற்ற எல்லோரிடமும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். சுற்றமெல்லாம் இலவசமாகச் செய்துகொள்ளலாம். எங்கள் குடும்பத்திலோ நோயின் பெயர் தெரியாமல் இறந்தவர்களும், நோயில்லாமல் இருக்கிறவர்களும்தான். தகுதிக்குக் கிட்ட வருகிறது, ஆனால் தொடவில்லை.

இந்த நாட்டில் பத்தொன்பது வருடமாக வரி கட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

மார்ச் 5, ஞாயிறு

குஞ்சம்மாவைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பக்கத்தில் ஏறினதும் வழக்கம் போலச் சால்வையை மடித்து நெஞ்சுக்கும் சீற் பெல்ட்டுக்கும் நடுவில் செருகினா. வழக்கம் போல நான் ஏசினேன். காசு வாங்கிக்கொண்டு சனத்துக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன், என் காரிலேயே இப்படி ஒருத்தர்.

“பெல்ட்டுக்குக் கீழ துணி வைக்கக் கூடாது எண்டு எத்தினை தரம் சொல்லுறது குஞ்சம்மா?”

“சீலை கசங்கும் பிள்ளை.”

மகள் ஆரணிக்குப் பாரிஸில் ஒரு சம்பந்தம் பொருந்தியிருக்கிறதாம். பொடியன் பொறியியலாளர், நிரோஜன் என்று பெயர். ஆரணியோடு இரண்டு தடவை வீடியோவில் கதைத்துவிட்டான், இருவருக்கும் பிடித்துக்கொண்டது. குஞ்சம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சித்தப்பா இறந்த பிறகு தனியாக நின்று அந்தப் பிள்ளையை வளர்த்தவ.

அம்மாவுக்கு உண்மையில் என்ன வருத்தம் என்று கேட்டேன். “வயித்துக் குத்துத்தான்,” என்றா. கோயில் வந்துவிட்டது.

மார்ச் 18, சனி

காசைக் கட்டித் தனியாரிடம் செய்வோம் என்று இவர் சொன்னார். ரூத்திடம் கேட்டேன். தாராளமாகச் செய்யலாம், ஆனால் உங்கள் இரத்தத்தில் ஒன்றும் அகப்படாவிட்டால், ஒன்றும் இல்லையா, நாங்கள் தேடின இடம் பிழையா என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள்.

கொதிகலன் திருத்துவது இவருடைய தொழில், உடனே விளங்கிவிட்டது. “எங்க நனைஞ்சிருக்கு எண்டு காட்டினால்தானே பைப்பைத் தேடலாம். நீ நனையாத சுவர்.”

இருபது வருடத்தில் இவர் எனக்குச் சொன்ன ஆகச் சிறந்த அன்பு வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப்பிறப்பு. கோயிலில் கால் வைக்க இடமில்லை. நான் அர்ச்சனை வரிசையில் நின்றபோது, என் கார் யாரோ ஒருவரின் காரை மறித்து நிற்பதாக ஒலிபெருக்கியில் இலக்கத்தைச் சொன்னார்கள். குஞ்சம்மா சாவியை வாங்கிக்கொண்டு போனா. முன்பெல்லாம் அவவும் என்னைப்போல் கியர்க் கார்தான் ஓட்டினவ. சில வருடங்களுக்கு முன்னர் முழங்கால் நோகிறது என்று விற்றுவிட்டு ஆட்டோமற்றிக் வாங்கினா.

மனம் கேட்காமல் நானும் பின்னால் போனேன். படியெல்லாம் மளமளவென்று இறங்கினா. ஏறி இருந்து கிளச்சை மிதித்தா, பிழையில்லை. பிறகு வலக்கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து, உடம்பைத் திருப்பி, இடப்பக்கம் இருக்கும் கியரை அந்த வலக்கையால் போட்டா. இடக்கை மடியிலேயே கிடந்தது.

எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கியரை ஒடித்தவர்கள் இருக்கிறார்கள். இப்படிப் போட்டவர்கள் இல்லை.

சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது. ஆரணி பச்சைச் சீலையில் வந்திருந்தாள்.

ஏப்ரல் 15, சனி

இடது காப்பை எப்போது கழற்றினா? முன்பு இரண்டு கையிலும் போட்டிருந்தாவே.

ஏப்ரல் 20, வியாழன்

பின்னேரம் பாடம் ஒன்று கைவிடப்பட்டது. நேரே குஞ்சம்மா வீட்டுக்குப் போனேன். ஆரணி இன்னும் வேலையால் வரவில்லை. குஞ்சம்மா தேத்தண்ணி ஊற்றினா. நான் சுற்றி வளைக்கத் தெரியாத ஆள்.

“குஞ்சம்மா, வருசப்பிறப்பண்டு கியரை ஏன் வலக்கையால போட்டனீங்கள்?”

“எனக்கு முழங்கால் நோ எண்டு தெரியும்தானே.”

“முழங்காலாலயோ கியர் போடுறது?”

முதலில் சிரித்தா. பிறகு வீட்டில் ஒருவரும் இல்லாதபோதும் எழுந்துபோய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தா. “ஆரணிக்குத் தெரியாது” என்பதுதான் வாயில் வந்த முதல் வார்த்தை.

ஆறு வருடத்துக்கு முன்னர். இடது மார்பு. வெட்டி எடுத்து, கதிர்ச் சிகிச்சை செய்து, ஐந்து வருடம் குளிசை. கக்கத்தில் நெறிக்கட்டிகளையும் எடுத்ததால் அந்தக் கை வீங்கும், பாரம் தாங்காது. பெல்ட் பட்டாலும் நோகும். பக்கத்து வீட்டு அயர்லாந்துக் கிழவிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தவவாம். ஆரணி அப்போது மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கெல்லாம் இந்தியாவுக்குத் தலயாத்திரை போவதாகச் சொல்லியிருந்தா. நானே ஏற்றிக்கொண்டு போய் விமான நிலையத்தில் விடுகிறேன் என்று கேட்டது நினைவிருக்கிறது. வேண்டாம், ஒரு கூட்டமாகப் போகிறோம் என்றிருந்தா.

“அப்ப எங்களுக்குத் தந்த திருச்செந்தூர் விபூதி?”

“வெம்பிளி.”

நான் சிரிக்கத் தொடங்கி அழுதேன். அபிராவுக்குப் பரீட்சைக்குப் பரீட்சை அதைத்தான் பூசி அனுப்பினேன். எல்லாவற்றிலும் பாஸ்.

அம்மாவுக்குச் சூலகமாம். பெரியாஸ்பத்திரி டாக்டர் குஞ்சம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். “உன்ர அப்பாவுக்கும் நான் சொல்லேல்லை சுபோ. நீயும் குமர், நானும் அப்ப குமர். வெளியில தெரிஞ்சால் ரெண்டு பேரும் கலியாணமில்லாமல் வீட்டிலதான்.”

இங்கே ஆஸ்பத்திரியில், குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று கேட்டிருப்பார்களே என்றேன்.

“கேட்டவை. ஒருத்தருக்கும் இல்லை எண்டனான்.”

“ஏன் குஞ்சம்மா? அவை ஆர், எங்கட சனமோ?”

“வாய் அப்பிடித்தான் வந்திட்டுது.”

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே இலவசமாக அவவின் இரத்தத்தைப் பார்த்திருப்பார்கள். ஆறு வருடம். நான் போய்க் குஞ்சம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றேன், அவ போய் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றா. முழுப் பூசணிக்காயை இரண்டு பேரும் ஆளுக்கொரு கோப்பைச் சோற்றில் மறைத்திருக்கிறோம்.

ஒரு தடவை வந்து இரத்தம் கொடுங்கள், ஒரு சதமும் தேவையில்லை என்று கெஞ்சினேன்.

“கலியாணம் முடியட்டும்.”

“ஆரணிக்கும் இருக்கலாம் குஞ்சம்மா.”

“அதாலதான் சொல்லுறன், முடியட்டும். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டு சும்மாவே சொன்னவை?”

“அந்த ஆயிரத்தில இது எத்தினையாவது?”

குஞ்சம்மா கோப்பையைத் தள்ளிவைத்தா. தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. எனக்கு அவவில் கோபம், அதைவிடக் கூடின இரக்கம். மார்பை வெட்டின காயத்தோடு வெம்பிளிக் கடையில் போய் நின்று விபூதி வாங்கியிருக்கிறாவே. 

ஏப்ரல் 24, திங்கள்

ரூத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்களாகக் குஞ்சம்மாவுக்கு எழுத முடியாதாம். குஞ்சம்மா தானாக வர வேண்டும், தானாகச் சொல்ல வேண்டும்.

இலவசம் என்று நாங்கள் வாய்க்கு வாய் சொல்கிறோம். காசு வாங்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். காசுக்குப் பதிலாக, உன் வீட்டில் யாருக்கு என்ன என்று சொல் என்று கேட்கிறார்கள். இந்த ஊர்க்காரருக்கு அது வாசலில் நின்று சொல்கிற பதில். எங்களுக்குக் காசைக் கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். கடன்பட்டாவது கொடுத்திருப்போம்.

மே 11, வியாழன்

நாற்பத்தைந்து. அபிரா கேக் செய்தாள், நடுவில் வேகவில்லை. எல்லோரும் சாப்பிட்டோம்.

மே 13, சனி

அபிரா முதல் தடவையிலேயே கார் ஓட்டும் பரீட்சையில் பாஸ். என்னிடம் படிக்க மாட்டேன், கத்துவீர்கள் என்று சொல்லி வேறு ஒருவரிடம் படித்தாள். அந்த மனுசனின் பெயரைக் கேட்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறான்.

அடுத்த தடவை பல் டாக்டரிடம் தானே கூட்டிக்கொண்டு போவாளாம். “உங்களுக்கு எத்தினை பல்லம்மா இருக்கு? இந்த வருசம் எத்தினை தரம் போனீங்கள்?”

மே 20, சனி

ஆரணியோடு சீலைக் கடைக்குப் போனேன். பாரிஸில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மாதம் வருகிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் ஒவ்வொரு சீலையாகத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது. சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. இது என் உயிர் மட்டும் என்றால் பேசாமல் இருந்திருப்பேன். இந்தப் பிள்ளையின் உயிரும் அதே முடிச்சில்தான் கிடக்கிறது.

“அக்கா, ஏன் ஒரு மாதிரிப் பாக்கிறீங்கள்? நிறம் சரியில்லையோ?”

“இல்லை, வடிவாயிருக்கு. எடு.”

ஜூன் 3, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் ரெயிலில் வந்து இறங்கினார்கள். இவர் தன் காரில் நிரோஜனையும் தகப்பனையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார். தாய் திலகவதி என் காரில். நல்ல உயரம், நல்ல காஞ்சிபுரம், மாம்பழ நிறம். பிரான்ஸ் பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைக் கண்டு, “ஐயோ, என்னையே ஓட்டச் சொல்லுறீங்கள்?” என்று சிரித்தா. எனக்குப் பிடித்துக்கொண்டது. மரியாதைக்கு அவவை முன்னால் இருத்தினோம், குஞ்சம்மா பின்னால்.

ஏறி இருந்தவ, தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்து, இடப்பக்க நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் செருகினா.

என் தொழில் என் வாயைச் சும்மா விடவில்லை. “அக்கா, பெல்ட்டுக்குக் கீழ துணி வைக்கக் கூடாது.”

“சீலை கசங்கும் பிள்ளை.”

கண்ணாடியில் குஞ்சம்மாவைப் பார்த்தேன். அவ திலகவதியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தா. எதிர்பாராத ஊரில் சொந்தக்காரரைக் கண்டவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.  நான்தான் மழையைப் பற்றியும் றோட்டு வேலையைப் பற்றியும் உளறிக்கொண்டு வந்தேன். ஹென்டனில் சிவப்பு விளக்கு. குஞ்சம்மா முன்னுக்குச் சாய்ந்தா.

“உங்களுக்கும் இடப்பக்கமோ?” என்று மெல்லக் கேட்டா.

“என்ன இடப்பக்கம்?”

திலகவதி உண்மையாகவே விளங்காமல் திரும்பிப் பார்த்தா. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த மனுசி சீலைக்காகத்தான் சால்வை வைத்திருக்கிறா. குஞ்சம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

அடுத்தது நான் செய்த காரியம். ஒன்றரை மாதமாக உண்மையைச் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனத்துக்குள் கத்திக்கொண்டிருந்த நான்தான் சட்டென்று சொன்னேன்: “சீற்றைக் கேக்கிறா அக்கா. பிரான்ஸில வலப்பக்கம்தானே இருந்து வாறனீங்கள், இங்க இடப்பக்கம் இருக்கிறது உங்களுக்குப் புதுசோ எண்டு.”

வாய் அப்படித்தான் வந்துவிட்டது.

விளக்குப் பச்சையானது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். கிளச்சில் கால் பிசகிக் கார் நின்றுபோனது, மாணவிகள் இப்படி நிறுத்தினால் ஏசுகிற எனக்கே.

“இல்லை சுபோ,” என்றா குஞ்சம்மா. “நான் சீற்றைக் கேக்கேல்லை.”

காரை எடுத்து ஓரமாக நிறுத்தினேன். அவ ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. இடது மார்பு, ஆறு வருடம், அக்காவுக்கும் இருந்தது, எங்கள் பரம்பரையிலேயே இருக்கலாம் என்று டாக்டர்மார் நினைக்கிறார்கள். “பெல்ட் பட்டால் நோகும். அதுக்குத்தான் நானும் சால்வை வைக்கிறனான். உங்களைக் கண்டவுடன, எனக்கு, ஒரு ஆள் கிடைச்சமாதிரி…”  பிறகு, “என்ர பிள்ளைக்கு இதொண்டும் தெரியாது. அவளில ஒரு பிழையும் இல்லை,” என்றா.

  திலகவதி மடித்த சால்வையை உருவி மடியில் வைத்தா. பெல்ட் காஞ்சிபுரத்தின் மேல் படிந்தது.

“எனக்கு ஒண்டும் இல்லை. நான் உண்மையாச் சீலைக்குத்தான் வைச்சனான்,” என்றா. சால்வையை விரலால் நீவிக்கொண்டு, “என்ர தங்கச்சிக்கு வந்தது, ஜேர்மனியில. மருந்து ஏத்தித் தலைமயிர் எல்லாம் கொட்டுண்டிட்டுது. திருப்பதியில மொட்டை போட்டவ எண்டு நாங்கள் எல்லாருக்கும் சொன்னனாங்கள். அவளே அதை நம்புற அளவுக்குச் சொன்னனாங்கள்.”

“இப்ப?” என்று குஞ்சம்மா கேட்டா.

“போன வருசம் செத்துப்போனாள்.”

காரை மறுபடி எடுத்தேன். குஞ்சம்மா வீட்டில் இறங்கும்போது திலகவதி சொன்னா: “நான் தனிய ஒரு முடிவு சொல்ல ஏலாது. இவரோடயும் பொடியனோடயும் கதைக்க வேணும்.” குஞ்சம்மா தலையாட்டினா.

உள்ளே போனதும் குஞ்சம்மா ஆரணியை மேல்மாடிக்குக் கூப்பிட்டா. பலகாரத் தட்டுகளை நான் கொண்டுபோய் வைத்தேன். ஆரணி இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். நிரோஜனுக்குக் கொடுக்கும்போது மட்டும், “நான் உங்களோட தனியக் கதைக்க வேணும்,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

ஜூன் 4, ஞாயிறு

ஆரணி தொலைபேசியில் என்னை நன்றாக ஏசினாள். “உங்களுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக் கிழவிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.”  சரியாகத்தானே சொல்கிறாள்.

ஜூன் 22, வியாழன்

பாரிஸில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. குஞ்சம்மா ஒரு பிடி இளைத்துவிட்டா. ஆனாலும் இன்று ரூத்திடம் வந்தா. ரூத்தின் தாளைப் பார்த்தா, தன் வட்டத்தைத் தானே காட்டி, “இதில போடுங்கோ,” என்றா. அம்மாவின் வட்டத்தில் சூலகம் என்று எழுதச் சொன்னா. பிறகு அம்மம்மாவின் வட்டத்தில் விரலை வைத்தா.

“இவவுக்குப் பிள்ளைப்பேற்று வருத்தம் இல்லை. நெஞ்சில புண். சீலைத் தலைப்பால மூடிக்கொண்டு திரிஞ்சவ. எனக்கு எட்டு வயசு, மணம் நினைவிருக்கு.”

நான்தான் ரூத்துக்கு மொழிபெயர்த்தேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு வலக்கையில் இரத்தம் எடுத்தார்கள்.

ஜூலை 8, சனி

திலகவதி தொலைபேசி எடுத்தா, குஞ்சம்மாவுக்கு இல்லை, எனக்கு. 

“பிள்ளை, அந்த இரத்தப் பரிசோதனைக்கு நீங்கள் டாக்டரிட்டை முதல் என்னெண்டு சொல்லிக் கேட்டனீங்கள்? இங்கயும் அரசாங்கம் செய்யும் எண்டுதான் சொல்லுகினம். எனக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கலியாணக் கதையைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவவே சொன்னா. “அதை என்னட்டைக் கேட்டு என்ன? ரெண்டும் ஒவ்வொரு நாளும் போனில கதைச்சுக்கொண்டுதான் இருக்குதுகள். எங்களை ஆர் கேட்டது? இவர்தான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நிக்கிறார். நிக்கட்டும்.”

செப்டம்பர் 14, வியாழன்

குஞ்சம்மாவின் முடிவு வந்தது. கோளாறு அகப்பட்டுவிட்டது. நனைந்த இடம் தெரிந்துவிட்டது என்றார் இவர். இனி எனக்கும் ஆரணிக்கும் கனடாவில் மாமாவின் பிள்ளைகளுக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். எனக்கு இன்றே இரத்தம் எடுத்தார்கள். சின்னக் குப்பி. இவ்வளவுக்குத்தானா என்றிருந்தது.

ஆரணி கலியாணத்துக்கு முன்னரே செய்யப்போகிறாளாம். நிரோஜன் அதற்கு லண்டன் வருகிறானாம். கலியாணம் தை மாதம்.

அபிராவுக்குச் சொன்னது: பல் டாக்டர்.

ஒக்டோபர் 12, வியாழன்

முடிவு சொல்லும் நாள். இவர் வேலையில் மாட்டிக்கொண்டார். அபிரா லீவு, தானே ஓட்டுவதாக அடம்பிடித்தாள். பக்கத்தில் இருந்தேன், கத்தவில்லை. சந்தியில் இடப்பக்கச் சமிக்ஞை போட்டாள்.

“எங்க திருப்புறாய்?”

“பல்லு டாக்டர் இந்தப் பக்கம்தானே அம்மா.”

“நேர போ. ஆஸ்பத்திரிக்கு.”

கார் நிறுத்துமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவில் தொடங்கி வெம்பிளி விபூதி வரைக்கும்.  முடிய ஒரு கேள்விதான் கேட்டாள்.

“சாந்தா மாமிக்குத் தெரியுமோ?”

“இல்லை. ஒருத்தருக்கும் தெரியாது.”

“அப்ப நீங்களும் குஞ்சம்மாவும் ஒண்டுதான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பேன். சும்மா, மணி சொல்வதுபோலச் சொன்னாள்.

ரூத் நேரடியாகச் சொன்னாள். எனக்கும் இருக்கிறது. சூலகத்தை எடுத்துவிடலாம், மார்பை வருடாவருடம் படம் பிடித்துப் பார்க்கலாம், மற்ற முடிவுகளை ஆறுதலாக எடுக்கலாம். வரும் முன்னர் தெரிந்துகொண்டீர்கள், உங்கள் அம்மாவுக்கு இந்த வசதி இருக்கவில்லை என்றாள். அபிரா என் கையை விடவே இல்லை. தனக்கு எப்போது என்று கேட்டாள். பதினெட்டுக்குப் பிறகு, விரும்பினால், விரும்புகிற நேரத்தில் என்றாள் ரூத். பயமாக இருந்தது, இருக்கிறது. ஆனால் நாற்பத்தாறு என்ற எண் இனி எனக்கு அம்மாவின் வயதுதான், என் தவணை இல்லை.

திரும்பி வரும்போது மழை. அபிரா கவனமாக ஓட்டினாள். நான் தொலைபேசியை எடுத்துச் சாந்தா மச்சாளுக்கு அடித்தேன். கார் முழுக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, முதலில் இருந்து சொன்னேன். மச்சாள் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினா. பிறகு குரலைத் தாழ்த்தினா.

“நான் ஒருத்தருக்கும் வாய் திறக்க மாட்டன் சுபோ. எங்கட அம்மாவாணச் சத்தியம்.”

“இல்லை மச்சாள்,” என்றேன். “சொல்லுங்கோ.”